புடாபெஸ்ட்டில் ஒலித்த திருவாசகம்

கலவானப் பகுதியில் மழை தொடங்கிவிட்டால் பாட்டுக் கேட்பது எளிதன்று. சிங்கராஜ வனத்தின் பக்கமிருந்து இறங்கி வரும் அம்மழை லயத்துத் தகரக் கூரைமீது விழும்போது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் ஏறாது. வானொலிப் பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டு செய்தி கேட்ட முதியவர்களை நான் சிறுவயதிற் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஹங்கேரி நாட்டுத் தலைநகரில் வாசிக்கப்பட்ட ஓர் இசைத்தொகுப்பின் ஓசை நயத்தை ஆராயப் புகுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். தோன்றட்டும். இருபது ஆண்டுகளாக என் மனத்துள் ஒரு வழக்கு நடந்து வருகிறது. வழக்குத் தொடுத்தவனும் நானே. இன்று வழக்கை மீளப் பெற்றுக்கொள்ள வந்து நிற்பவனும் நானே.

வழக்கின் பொருள், 2005ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆம் திகதி வெளிவந்த இளையராஜாவின் 'திருவாசகம்' என்னும் இசைத்தொகுப்பு.

மலைநாட்டிலும் சபரகமுவவிலும் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இளையராஜா யார் என்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1976இல் 'அன்னக்கிளி' திரைப்படத்தோடு அவர் வந்தார். நாங்கள் பிறந்தபோதே அவர் பாட்டு லயத்து வாசலிற் கேட்டுக்கொண்டிருந்தது. பெரட்டுக்குப் போகுமுன் கொழும்பு வானொலி, மாலையில் தேநீர்க் கடை ஒலிநாடா, இரவு இரத்தினபுரி பஸ்ஸின் ஒலிபெருக்கி என்று எங்கும் அவரே. கொழுந்து எடுக்கும் பெண்களின் வாயிலும், பால் வெட்டும் ஆண்களின் சீழ்க்கையிலும் அவர் மெட்டுகளே உலாவின. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943இற் பிறந்த ஒருவர், கிராமத்து மெட்டையும் மேனாட்டு வாத்திய அமைப்பையும் ஒரே பாட்டிற் பொருத்திக் காட்டினார் என்பதெல்லாம் எங்களுக்குப் பின்னரே தெரியவந்தது. முதலில் தெரிந்தது ஒன்றுதான்: அது நம்முடைய சத்தம்.

திரைப்படத்துக்கு வெளியேயும் அவர் முயற்சிகள் செய்தார். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' என்ற வாத்திய இசைத்தொகுப்பைத் தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய இசை மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். 1993இல் லண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவினரைக் கொண்டு ஒரு சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தார். அது வெளிவராமலே போயிற்று. இரசிகர்கள் ஏங்கிக் காத்திருந்தார்கள். அந்த ஏக்கத்தின் நடுவிலேதான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திருவாசகம் வந்தது.

தமிழ் மையம் என்ற நிறுவனம் அதனை வெளியிட்டது. அம்முயற்சிக்கு முன்னின்று உழைத்தவர் ஜெகத் கஸ்பார் ராஜ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் தமிழ் வானொலியில் அவர் குரலைக் கேட்டவர்கள் நம் நாட்டில் அநேகர் உண்டு. வாத்தியங்களை வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனிக் குழு. ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்காவின் இசைநாடகக் கவிஞர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். ஒலிக்கலவையை நியூயோர்க்கில் ரிச்சர்ட் கிங் என்னும் வல்லுநர் செய்தார். திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளிலிருந்து ஆறு மட்டும் எடுக்கப்பட்டன: யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து. இவற்றிலும் முழுமையாக அன்று, சிற்சில பகுதிகளே.

வெளிவந்தவுடன் இரசிகர் உலகம் இரண்டுபட்டது. ஒரு சாரார் வானளாவப் புகழ்ந்தனர். இன்னொரு சாரார், நெடுங்காலம் அவரைத் தெய்வமாகவே கொண்டாடியவர்கள், முகஞ் சுளித்தனர். சினிமாப் பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு அது மிக நீளமாகவும் பாரமாகவும் இருந்தது. மேனாட்டு இசை கற்றவர்கள், இது சிம்பொனியே அன்று என்றார்கள். சைவ அன்பர்கள், ஓதுவார் மரபு எங்கே என்று கேட்டார்கள். சிலருக்கு ஒரு கிறிஸ்தவக் குருவானவர் இதில் ஈடுபட்டதே உறுத்தியது. (1900ஆம் ஆண்டில் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட ஜீ. யூ. போப் அவர்களும் கிறிஸ்தவப் பாதிரியாரே என்பதை அவர்கள் அப்பொழுது மறந்துவிட்டார்கள் போலும்.)

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பல்கலைக்கழகத்தில் தமிழும் இந்து நாகரிகமும் கற்றுப் பட்டத்தோடு ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் லயத்தில் முதற் பட்டதாரி நான்தான். அந்த வயதில் அந்தப் பட்டம் தலைக்குள் என்ன செய்யும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

என் தந்தையார் முப்பது ஆண்டுக் காலம் இறப்பர் மரத்திற் பால் வெட்டியவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆயினும் சிவபுராணத்தின் தொண்ணூற்றைந்து அடிகளும் அவருக்கு மனப்பாடம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் அவரே முன்னின்று பாடுவார். அருச்சுனன் தபசு ஆடிய காலத்தில் வாத்தியாரின் பின்பாட்டுக்காரராக நின்று பழகிய குரல் அது; மெருகில்லாத குரல், ஆனால் மழையையும் தாண்டிக் கேட்கும்.

அந்த ஆண்டுக் கடைசியில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வேலை பார்த்த என் அத்தை மகன் ஊருக்கு வந்தபோது அந்த இறுவட்டைக் கொண்டுவந்தான். அதைப் போடுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு சிறிய கருவியும், அதனோடு தொடுத்த ஒரு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியும் இருந்தன. பெட்டி ஒன்றேதான், அதுவும் திருவிழாவுக்கு வாடகைக்கு விட்டுப் பழசாகிப் போனது. அதிலே அடித்தொனி வந்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும்.

சிவபுராணப் பகுதி தொடங்கிற்று. தந்தையார் திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஏறக்குறைய இருபது நிமிடம் நீளும் பாட்டு அது. இடையில் ஆங்கிலக் குரல்கள் வந்தன. அவர் அசையவில்லை. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா போடுய்யா" என்றார்.

நான் போடவில்லை. "அப்பா, இது திருவாசகம் இல்லை. சினிமாக்காரர் பண்ணின வேலை. உங்களுக்கு இதிலே இருக்கிற பிழை தெரியாது" என்றேன்.

அவர் ஒன்றுஞ் சொல்லாமல் எழுந்து போனார்.

அதனோடு நான் நின்றிருந்தாலும் குற்றம் சிறியதாய் இருந்திருக்கும். நிற்கவில்லை. தை மாதத்தில் எங்கள் பகுதி இந்து மன்றத்தின் கூட்டமொன்றில் அந்த இசைத்தொகுப்பைக் கண்டித்து ஒரு கட்டுரை வாசித்தேன். நான்கு குற்றங்களைச் சுமத்தியிருந்தேன். சிம்பொனி என்று சொல்லிக்கொள்ளும் இது சிம்பொனி அன்று. ஓதுவார்கள் பெரும்பாலும் மோகன இராகத்திற் பாடிவரும் மரபை இது குலைத்தது. பாடகர் குரல் பயின்ற குரலன்று, வாத்திய முழக்கத்திற் சொற்கள் மூழ்கின. தேனில் மணலைக் கலந்ததுபோல் ஆங்கிலத்தைக் கலந்தார்கள். கைதட்டல் பலமாகவே கிடைத்தது. தந்தையார் கடைசி வரிசையில், பெரட்டுக்குப் போட்டுப்போகும் சட்டையைத் தவிர்த்து நல்ல வெள்ளைச் சட்டை அணிந்து வந்து, மகன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியில் "நல்லா பேசின" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நான் வீட்டிலிருக்கும் நாளில் அந்த இறுவட்டு ஒலித்ததே இல்லை.

அவர் 2014இற் காலமானார். காரியங்கள் முடிந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, சேமலாப நிதிக் கடதாசிகளுக்கு அடியில் அந்த இறுவட்டு இருந்தது. கருவியிற் போட்டுப் பார்த்தேன். ஓடவில்லை. வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால், அதன் முகம் முழுவதும் சிலந்திவலை போலக் கீறல். அம்மாவிடம் கேட்டேன். "நீ திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்குப் போனதும் போட்டுக் கேப்பாரு. தேஞ்சு போச்சு" என்றார்.

அப்பொழுதும் நான் அதனை மறுபடி கேட்டுப் பார்க்கவில்லை. துணிவு வரவில்லை என்பதே உண்மை.

2024 ஜனவரி 25ஆம் திகதி இளையராஜாவின் மகள் பவதாரிணி நம் நாட்டிலேயே, கொழும்பில், நோயினாற் காலமானார். அந்தத் தொகுப்பில் அவரும் பாடியிருக்கிறார். அன்று ஆசிரியர் அறையில் பலர் அவர் பாட்டுகளைப் பற்றிப் பேசியபோது ஒரு முறை எனக்கு உறுத்திற்று. 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறிற்று. அதன் பின்னர் எங்கும் பழைய வழக்கை மறுபடி எடுத்தார்கள். 2005இல் முகஞ் சுளித்த இரசிகர்களே, 'நாம் அன்று சரியாகக் கேட்டோமா?' என்று தம்மைத் தாமே வினவத் தொடங்கினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் வந்து, "சேர், எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் கேட்போம்" என்றார்கள். சிங்கள மொழிப் பிரிவில் இசை கற்பிக்கும் நண்பர் ஒருவர் நல்ல ஒலிபெருக்கிகள் இரண்டைத் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல், என் வீட்டு முன்னறையில் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். அம்மா உள்ளறையிற் படுத்திருந்தார்.

கேட்ட மாத்திரத்தில் எனக்கு ஏற்பட்ட முதல் வியப்பு, சொற்கள் தெளிவாகக் கேட்டன என்பதுதான்! வாத்தியத்திற் சொல் மூழ்கியது என்று நான் மேடையேறி முழங்கினேனே, மூழ்கடித்தது புடாபெஸ்ட் வாத்தியக்காரர்கள் அல்லர். எங்கள் வீட்டு ஒற்றைப் பெட்டி. மேனாட்டு வாத்தியக் குழுவில் வயலின்கள் ஒரு பக்கம், செலோவும் பெருவயலின்களும் மறு பக்கம், ஊதுகருவிகள் பின்னே என்று இடம் பிரித்து அமர்ந்திருப்பார்கள். ஒலிப்பதிவும் அந்த இடப் பிரிவைப் பாதுகாத்து இரண்டு வழியாகவே வரும். அதை ஒரே பெட்டிக்குள் திணித்தால், இருபது பேர் ஒரே கதவால் நுழைய முயன்ற கதைதான். போதாததற்கு அடித்தொனியை மிகைப்படுத்தும் பெட்டி! ஓர் இசையைக் கண்டிக்குமுன், அதைக் கேட்ட கருவியை விசாரிக்க வேண்டும் என்று எனக்கு அன்று எவரும் கற்பிக்கவில்லை.

இங்கே இளம் வாசகருக்காக ஒரு விளக்கம். நம்முடைய இசை ஒரு கோட்டில் ஓடுவது. ஆதார சுருதி அடியில் அசையாமல் நிற்க, இராகம் மேலே அசைந்து வளைந்து செல்லும். மேனாட்டு வாத்திய இசையில் அடித்தளமே நகரும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மெட்டுகள் தனித்தனி வழியிற் சென்று, ஓரிடத்தில் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். அருச்சுனன் தபசில் வாத்தியார் ஓர் அடியை நீட்டிக்கொண்டிருக்கையிலேயே பின்பாட்டுக்காரர் அடுத்த அடியைத் தொடங்கிவிடும் வேளையிற் கேட்டிருப்பீர்கள். ஒருகணம் இரண்டு பாட்டும் சேர்ந்து ஒரு மூன்றாவது ஓசை பிறக்கும். அது தற்செயலாய் அமைவது. மேனாட்டார் அதையே ஒரு சாத்திரமாக வளர்த்தார்கள். பின்பாட்டுக்காரராக வாழ்ந்த என் தந்தையார் அதனை உடனே பிடித்துக்கொண்டதில் வியப்பென்ன? எனக்குத்தான் பிடிபடவில்லை.

சிவபுராணப் பகுதி வணக்கத்தோடு தொடங்காமல், தன் சிறுமையை ஒப்புக்கொள்ளும் இடத்திலிருந்து தொடங்குகிறது. முறை தவறு என்று அன்று நினைத்தேன். இப்போது அது வேண்டுமென்றே செய்த தேர்வு என்று படுகிறது. உயிர் புல்லாய்ப் புழுவாய் மரமாய் விலங்காய்ப் பிறந்து பிறந்து இளைத்த கதையைச் சொல்லுமிடத்தில், வாத்தியங்கள் அடுக்கின்மேல் அடுக்காக ஏறி வருகின்றன. பிறவிகள் அடுக்கப்படுவதைச் சொல் சொல்லுகிறது. இசை அடுக்கியே காட்டுகிறது. ஒற்றைக் கோட்டில் ஓடும் இசையால் இதனைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை; ஓதுவார் குரலில் அந்த அடிகளைக் கேட்டு உருகியிருக்கிறேன். ஆனால் இது வேறொரு வழி. அதிலும் பொருள் இருக்கிறது.

குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். இளையராஜாவின் குரல் கச்சேரிக் குரலன்று. பிடித்த பத்தை அவர் பாடும்போது, பயின்ற வித்துவான் ஒருவர் பாடியிருந்தால் இன்னும் இனிமையாக இருக்குமே என்று இப்போதும் ஓரிடத்தில் தோன்றுகிறது. ஆனால் தன்னை இழிந்தவன், ஒன்றும் அறியாதவன் என்று சொல்லி அழும் ஒருவனுக்கு வழவழப்பான குரல் எதற்கு? எங்கள் கோயிலில் மழையைத் தாண்டி ஒலித்த இன்னொரு கரகரத்த குரலை நான் பிழை என்று ஒருபோதும் எண்ணியதில்லையே!

அடுத்து மரபு. திருவாசகம் எதனால் ஆயது என்பதை இந்து நாகரிகம் கற்ற நான் மறந்தது எப்படி? திருவம்மானை, திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என்று பெயர்களைச் சும்மா சொல்லிப் பாருங்கள். இவையெல்லாம் பெண்கள் காய் வீசியும் ஊஞ்சலாடியும் பூக்கொய்தும் பாடிய விளையாட்டுப் பாட்டுகளின் பெயர்கள் அல்லவோ? தம் காலத்துத் தெருவிலும் முற்றத்திலும் ஒலித்த சாதாரண மெட்டுகளை எடுத்து மணிவாசகர் இறைவன் சந்நிதியில் ஏற்றினார். அன்றும் யாராவது ஒரு பட்டதாரி இருந்து, 'ஊஞ்சற் பாட்டா வேதம்?' என்று கேட்டிருக்கக்கூடும்! திருப்பொற்சுண்ணம் பெண்கள் கூடி உலக்கையால் வாசனைப் பொடி இடிக்கும்போது பாடுவது; உழைப்புப் பாட்டு. இந்தத் தொகுப்பில் அதனைப் பெண்குரல்களும் நாட்டுப்புறத் தாளமும் கூடிப் பாடும் இடம், ஆறு பாட்டுகளிலும் எனக்கு இப்போது முதலிடம். இது ஓதுவார் மரபைவிட ஒருவகையில் உரலுக்கும் உலக்கைக்கும் நெருங்கியது.

புதிய ஓசை என்றால் முதலிற் கதவை அடைப்பது நமக்கு மட்டும் உரிய குணமன்று. வயலினைக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786 – 1859). இன்று வயலின் இல்லாத கச்சேரியை எண்ணிப் பார்க்க முடியுமா? ஆர்மோனியம் நம் இசைக்கு ஒவ்வாதது என்று இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி வைத்தது. 1971இலேதான் அத்தடை தளர்ந்தது. இதற்கிடையில் அந்த ஆர்மோனியம் எல்லாப் பஜனை மடங்களிலும் கூத்து மேடைகளிலும் சுகமாக இருந்துகொண்டிருந்தது! இன்னொரு பக்கம், நம் நாட்டிலே பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ்ப் பண்களையும் யாழ்களையும் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார்கள். பழமையைத் தேடும் அந்த உழைப்பு வேண்டியதே. அதைக் கற்ற எனக்கு அதன் பெருமை மட்டும் ஏறியது, பொறுமை ஏறவில்லை.

சிம்பொனி என்ற பெயரைப் பற்றிய குற்றச்சாட்டை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை. சிம்பொனி என்பது வாத்தியக் குழுவுக்கென நான்கு பகுதிகளாக எழுதப்படும் பெருங்கட்டுமானம் என்பதே பொது வழக்கு. இந்தத் தொகுப்பு அதனினும் ஒரட்டோரியோ என்பதற்கு நெருங்கியது. அதாவது, வேடமும் நடிப்பும் இன்றி, தனிக்குரலும் கூட்டுக்குரலும் வாத்தியமும் சேர்ந்து ஒரு சமயப் பொருளைப் பாடுவது. ஆங்கில நாட்டில் வாழ்ந்த ஹாண்டல் என்பவரின் 'மெசையா' அவ்வகையிற் புகழ்பெற்றது. அது 1742இல் டப்ளினில் அரங்கேறியது. மறு ஆண்டு லண்டனுக்கு வந்தபோது, வேதாகம வசனங்களை நாடகக் கொட்டகையிற் பாடுவதா என்று அங்கே பெரிய கண்டனம் எழுந்தது. இன்று கிறிஸ்துமஸ் காலத்தில் அதைப் பாடாத நகரம் மேனாட்டில் அரிது.

எங்கள் கூட்டத்தில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ரொக் இசைப் பிரியன். காதில் எப்பொழுதும் ஏதோ தொங்கும். அவன் ஒரு சங்கதி சொன்னான். மெட்டாலிகா என்னும் அமெரிக்கக் குழு 2003இல் 'செயின்ட் ஆங்கர்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் முரசின் ஓசை தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறதென்றும், கிதாரின் தனி வாசிப்பே இல்லையென்றும் அவர்களுடைய நெருங்கிய இரசிகர்களே கொதித்தார்களாம். பின்னர் அதே இரசிகரிற் சிலர், அந்தக் குழு உடைந்து போகும் நிலையில் இருந்தபோது எழுந்த கோப ஓசை அது, அதுவே அதன் உண்மை என்று சொல்லி அதனைப் போற்றத் தொடங்கினார்கள். வேறு சிலர் அந்தப் பாட்டுகளைத் தாங்களே வேறு முரசோசையோடு திரும்ப வாசித்துப் பார்த்தார்கள். "சேர், ஓசை பிடிக்கல்ல என்டுறதும் பாட்டு பிடிக்கல்ல என்டுறதும் ரெண்டு விசயம்" என்றான். இருபத்து நான்கு வயதில் எனக்கு வராத அறிவு இவனுக்குப் பதினெட்டில் வந்துவிட்டது.

சிங்கள நண்பர் வேறொன்றை நினைவூட்டினார். பிரேமசிரி கேமதாச அவர்கள் (1937 – 2008) சிங்கள நாட்டார் இசையையும் மேனாட்டு வாத்தியக் குழுவையும் சேர்த்து, 'மானசவில', 'அக்னி' முதலிய இசைநாடகங்களைப் படைத்தவர். "எங்கள் ஆட்களும் அவரோடு சண்டை பிடித்துத்தான் அவரிடம் வந்து சேர்ந்தார்கள்" என்றார் நண்பர் சிரித்துக்கொண்டே. மொழி விளங்காத அவர், அச்சப்பத்தை இரண்டாம் முறை கேட்க விரும்பினார். எதைக் கண்டு அஞ்சவில்லை, எதைக் கண்டு அஞ்சுகிறேன் என்று சொல்லும் பதிகம் என்று நான் பொருள் சொன்னேன். ஆண்குரல்கள் கூடி அதைப் பாடும்போது அச்சமின்மையைவிட அச்சமே கூடுதலாகக் கேட்கிறது என்றார் அவர். பதிகத்தை எத்தனையோ வகுப்புகளிற் கற்பித்திருக்கிறேன். அந்தக் கோணம் எனக்குத் தோன்றியதில்லை.

ஆங்கில வரிகளின் விஷயத்தில் நான் இன்னும் சமாதானம் அடையவில்லை. பழந்தமிழின் கட்டிறுக்கத்தின் நடுவே அவை வந்து நிற்கும்போது, கோயில் மண்டபத்தில் ஒரு மரநாற்காலி போட்டதுபோல் இருக்கிறது. நல்ல நாற்காலிதான், இடந்தான் இடிக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சிவபுராணத்தை எட்டு வருசமா பாடுறம் சேர். இங்கிலிசில கேட்ட பிறகுதான் இவர் அழுறார் என்டு விளங்கினது" என்றாள். கற்பித்தவன் நான் அல்லவா? பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். இன்னொருவன், அரைமணி நேரத்திலேயே கொட்டாவி விட்டவன், தனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை என்றான். அவனையும் யாரும் கண்டிக்கவில்லை.

பொற்சுண்ணம் ஓடிக்கொண்டிருந்தபோது மழை தொடங்கிற்று. என் வீட்டுக்கும் தகரக் கூரைதான். நண்பர் ஒலியைக் குறைத்துவிட்டு, மழை விட்டதும் கேட்போமே என்றார். அப்பொழுது உள்ளேயிருந்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து கதவடியில் நின்றார். பிள்ளைகள் எழுந்து இடங்கொடுத்தார்கள்.

"ஏன் நிப்பாட்டுறீங்க? இது வந்தா அவரு எப்பவும் சத்தத்தக் கூட்டத்தான் செய்வாரு. கொழுந்துக் கூட எறக்கி வெச்சுட்டு நானும் வந்து ஒக்காருவேன்" என்றார்.

நானே எழுந்து ஒலியைக் கூட்டினேன். மழைக்கு மேலே கேட்கும் அளவுக்குக் கூட்ட வேண்டியிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, விரலால் முழங்காலில் தாளம் போட்டார். மாணவன் ஒருவன் தன் கைப்பேசியில் அந்தப் பாட்டைப் பதிந்து அம்மாவிடம் கொடுக்கலாமா என்று என் காதில் கேட்டான். கொடு என்றேன். எப்படி அழுத்துவது என்று அவன் அவருக்குக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கையில் ஆறாவது பாட்டும் முடிந்துபோயிற்று. யாத்திரைப் பத்திலிருந்து மறுபடி தொடங்கினோம்.